மலேசியா, சுங்கை சிப்புட்ல ஹோம்ஸ்டே வரிக்கணக்கு பாக்கிற அக்கா

தோட்டத்த விட்டு வந்தப்ப அப்பா வாங்கின தாமான் (குடியிருப்பு) வீடு பூட்டியே கெடந்துச்சு, கல்யாணம் திருவிழானு வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு ராத்திரி கணக்குல விட ஆரம்பிச்சேன். மொத வருசம் வேற ஒரு வரி ஏஜென்ட் ஒரு கேள்வியும் கேக்காம எல்லாத்தையும் வாடகைனு போட்டு, தொழில் இல்லாதவங்க போடற பிஇ ஃபாரத்த அனுப்பிட்டாரு, புது ஏர்கோன், கட்டில்னு போட்ட காசுக்கு ஒரு சென் வரிக்கழிவு இல்ல. ரொம்ப வேதனையா போச்சு.

இந்த வருசம் இந்த அக்காகிட்ட போனேன், கடைவீட்டு மாடில ஆபிஸ், பேரு போட வேணாம்னுட்டாங்க. உக்காந்ததுமே, "தம்பி, பெட்ஷீட் யாரு மாத்தறா, துண்டு யாரு குடுக்கறா?"னு கேட்டாங்க. நாங்கதான், ஆளு போனதும் வீட்டுக்காரிதான் கழுவி விடறானு சொன்னேன். அப்போ இது சும்மா வாடகை இல்ல, தொழில்னு சொல்லி 1967 வருமான வரிச் சட்டத்துல வாடகைக்கான 4(டி)க்கும் தொழிலுக்கான 4(ஏ)க்கும் உள்ள வித்தியாசத்த எழுதியே காட்டினாங்க. தொழில்னா பி ஃபாரம், ஜூன் 30 வரைக்கும் டைம், ஏர்கோன் கட்டிலுக்கு வருசா வருசம் கழிவு உண்டு, நட்டம் வந்தா அடுத்த வருசத்துக்கு கொண்டு போலாம், வாடகைனு போட்டா இந்த ரெண்டும் இல்ல. என் ஏர்கோன் ரெசிட் எழுத்தெல்லாம் மங்கிப் போயிருந்துச்சு, அத ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு தேதிய படிச்சாங்க பாருங்க, அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. ரெசிட்ட போட்டோ எடுத்து 7 வருசம் வெச்சிருக்கணுமாம்.

அப்புறம் வீட்டு கிராண்ட, அதான் நிலப் பட்டாவ, கேட்டாங்க. வரிக்கு எதுக்கு கிராண்டுனு நெனச்சேன். 'பாங்குனான்'னு இருந்த எடத்துல விரல வெச்சு, உங்களுது கட்டடத்துக்கான நிலம், தோட்டத்து ஓரமா 'பெர்தானியான்'ங்கிற விவசாய நிலத்துல வீட்ட கட்டி வாடகைக்கு விடறவங்க மொதல்ல நில அலுவலகத்துல நிபந்தனைய மாத்தணும்னாங்க. வரி கட்டிட்டோம்னு மஜ்லிஸ் (நகராட்சி மன்றம்) லைசன் வேணாம்னு ஆகிடாது, அது வேற இது வேற, இத எனக்கு யாருமே சொன்னதில்ல.

என் தம்பி ஈப்போவுல கொண்டோ (அடுக்குமாடி வீடு) வாங்கி இதே மாதிரி விடலாம்னு இருந்தான், மொதல்ல மேனேஜ்மென்ட் ரூல்ஸ வாங்கி படிக்க சொன்னாங்க, 2020ல மோன்ட் கியாரா கேஸ்ல கூட்டரசு நீதிமன்றமே இப்படி ராத்திரி கணக்குல விடறதுக்கு மேனேஜ்மென்ட் தடை போடலாம்னு தீர்ப்பு குடுத்திருக்காம். வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூமுக்கு ஒரு ராத்திரி 10 வெள்ளி சுற்றுலா வரி 2017லேர்ந்து இருக்கு, ஆப்புல புக் பண்ணினா 2023லேர்ந்து அந்த ஆப்புக்காரங்களே வசூலிக்கணும். சிங்கப்பூர் சொந்தக்காரங்க வந்தாலும் வெளிநாட்டு ஐசினா அதே கணக்குதான்.

கொறைனு சொன்னா படி ரொம்ப செங்குத்து, அம்மாவால ஏற முடியல, போன் எடுக்க மாட்டாங்க, ஜூன் கடைசில போய் ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன். கூலி 350 வெள்ளி, பழைய ஏஜென்ட் 150தான் வாங்கினாரு, ஆனா இது குடுக்க வேண்டிய காசு. போறவங்க மே மாசமே போங்க, கிராண்ட் காப்பி, வீட்டு வரி பில்லு, பேங்க் லோன் வட்டி கணக்கு மூணும் கையில இருக்கணும், இல்லனா திருப்பி அனுப்பிடுவாங்க.