தமிழ்த் தளங்களைச் சோதிக்க என்விடிஏ

விண்டோசில் இலவசமாகக் கிடைக்கும் அருமையான திரைவாசிப்பான் என்விடிஏ; திரையில் இருப்பதைப் பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள். தமிழ்த் தளம் நடத்துவோர் கட்டாயம் நிறுவிப் பார்க்க வேண்டும். எல்லாம் அனைவருக்கும் எட்ட வேண்டும் என்னும் இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இணையத்தையும் விட்டுவைக்கவில்லை.

மவுசைத் தொடாமல் எச் விசையைத் தட்டுங்கள். தலைப்புக்குத் தலைப்பு தாவவில்லையா? எழுத்தைத் தடிமனாக்கியதோடு விட்டிருக்கிறார்கள், இது தலைப்பு என்று மென்பொருளுக்குச் சொல்லும் எச்டிஎம்எல் குறி இடவில்லை. இன்சர்ட், எஃப்7 சேர்த்து அழுத்தினால் இணைப்புகளின் பட்டியல் வரும். அதில் "மேலும் படிக்க" மட்டுமே வரிசையாக நின்றால் எது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

பெரிய கொடுமை, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் பூசிய பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய பிடிஎஃப். கண்ணுக்குத் தமிழ், காதுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

என்விடிஏவோடு கூடவே வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் தமிழ்க் குரல் இயந்திரத்தனமானது, ஆனால் வேகம். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கிறதா என்று பார்க்க வேறு கருவி தேவை.