படுத்து ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம்

எனக்கு வயது 62, ஊர் கோவை. குரங்குப் பெடலில் தொடங்கி காலேஜ் முடிக்கும் வரை சைக்கிள்தான். வேலைக்குப் போன பிறகு தொடவே இல்லை. ரிட்டயர் ஆனதும் மறுபடி ஆசை வந்தது. ஆனால் முதுகுத் தண்டில் தேய்மானம், பேலன்ஸும் பழைய மாதிரி இல்லை. அதனால்தான் ரிகம்பென்ட் ட்ரைக்கில் கண் போனது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஈஸி சேரில் சாய்ந்த மாதிரி உட்கார்ந்து, காலை முன்பக்கம் நீட்டி மிதிக்க வேண்டும்.

இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. 1933-இலேயே பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் சாய்ந்து ஓட்டும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை செய்தார். அடுத்த வருடமே சர்வதேச சைக்கிள் சங்கம் இந்த வகையைப் பந்தயங்களிலிருந்து ஒதுக்கிவிட்டது. நம் பக்கத்துக் கடைகளில் இன்றைக்கும் கண்ணில் படாது. ஏமாற்றுகிறவருக்கு அதுதான் வசதி. பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்க ஊரில் இன்னொரு வண்டி இருக்காது.

வெளியூர்க் கடை ஒன்றில் பழைய ட்ரைக் இருப்பதாகத் தெரிந்து வாட்ஸப்பில் பேசினேன். "ரெண்டே வருஷம் ஓடினது அங்கிள், புதுசு மாதிரி" என்று வீடியோ அனுப்பினார். விலை 1,10,000. "உங்க உயரம் எவ்வளவு?" என்று கேட்டார். ஐந்தடி நாலு அங்குலம் என்றேன். "கரெக்டா செட் பண்ணித் தர்றேன்" என்றார். அக்கறையான ஆள் என்று நினைத்தேன். பாதிப் பணம் முன்னால், மீதி லாரியில் ஏற்றியதும். பில் கேட்டபோது வண்டியோடு வரும் என்றார். வரவில்லை.

வண்டி வந்தது. உட்கார்ந்து பார்த்தால் நுனிக்கால்தான் பெடலுக்கு எட்டியது. இந்த வண்டியில் சீட்டை ஏற்றி இறக்க முடியாது. பெடல் மாட்டிய முன் குழாயை, பூம் என்பார்கள், உள்ளே வெளியே நகர்த்தித்தான் காலுக்குத் தகுந்தபடி வைக்க வேண்டும். போன் செய்தால், "அதைத் தொடாதீங்க அங்கிள், செயின் நீளம் உங்களுக்குன்னே வெட்டினது. ரெண்டு நாள்ல பழகிடும்" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, பேரூர் தாண்டி சிறுவாணி ரோட்டில் ஒரு சின்னக் குழி. வலது கால் பெடலிலிருந்து நழுவித் தரையில் ஊன்றியது. வண்டி நிற்கவில்லை. பாதம் தரையில் பிடித்துக்கொள்ள, வண்டி அதன்மேல் போக, முன் சக்கரங்களை இணைக்கும் குறுக்குக் குழாய்க்கு அடியில் கால் மடங்கி இழுபட்டது. கணுக்கால் வீங்கி மூன்று வாரம் படுக்கை. படுத்துக்கொண்டு படித்தபோதுதான் தெரிந்தது, ட்ரைக் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் பயப்படும் ஆபத்து இது. அதனால்தான் குதிகாலைப் பிடிக்கும் பட்டையோ ஷூவைப் பூட்டும் பெடலோ இல்லாமல் இதை ஓட்டவே கூடாது. எனக்கு வந்தது சாதாரணப் பிளாஸ்டிக் பெடல்.

அப்புறம் எங்கள் தெரு சைக்கிள் கடை அண்ணனிடம் காட்டினேன். அவரும் இந்த மாதிரி வண்டியைப் பார்த்தது இல்லை. ஆனால் இரும்பைத் தெரிந்த கை. பூமைத் தட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, நகத்தால் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே பள்ளத்தை அடைத்துப் பூசும் பட்டி. அதற்கும் உள்ளே கரடுமுரடான வெல்டிங். எப்போதோ விரிசல் விட்ட பூமை மெயின் குழாயோடு சேர்த்தே பற்றவைத்திருக்கிறார்கள். நகராதது அதனால்தான். சாதாரண சைக்கிளைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் நீளமான செயினும் மூன்று பழைய செயின்களின் ஒட்டு. ஒவ்வொன்றிலும் தேய்மானம் வேறு வேறு. "ஏனுங்க சார், இதை யாருங்க உங்க தலையில கட்டினது?" என்றார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆகவே, வாங்குகிறவர்கள் நேரில் போங்கள். கடைக்காரரையே உங்கள் கண் முன்னால் போல்ட்டைத் தளர்த்தி பூமை இரண்டு அங்குலம் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அதிக தூரத்தில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், நுனிக்காலால் தேடக் கூடாது. வளைவுகளில் பெயிண்ட் தடிப்பாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். முன் சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி பிரேக் என்பதால் ஓட்டிப் பார்த்து இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பில்லும் ஃபிரேம் நம்பரும் இல்லாமல் பத்து பைசா தராதீர்கள்.

கடைக்காரர் இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், புகார் எண் கொடுத்தார்கள். வெளியூர்க் கடை என்றாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. வாங்கிய பொருள் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பில் இல்லாததால் பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸப் பேச்சையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். "புதுசு மாதிரி" என்ற வரி அதில் நான்கு இடத்தில் இருக்கிறது.

வண்டி போர்டிகோவில் நிற்கிறது. பட்டியைச் சுரண்டிய இடத்தில் துரு பிடிக்காமலிருக்க அண்ணன் கிரீஸ் தடவிவிட்டுப் போயிருக்கிறார்.