₹32,500 போச்சு: மாடல் ரயிலுக்கு டிடெக்‌ஷன் போர்டு வாங்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க

ஆத்திரத்துல எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. டிசிசி (தண்டவாளம் வழியாவே டிஜிட்டல் கட்டளை அனுப்பி வண்டி ஓட்டற முறை) லேஅவுட்டுக்கு, எந்தப் பகுதியில வண்டி நிக்குதுன்னு சொல்ற டிடெக்‌ஷன் போர்டு எப்படிப் பார்த்து வாங்கணும்னு கடைசியில முழுசா எழுதறேன். முதல்ல நடந்தது.

கடை பேர் சொல்லல. மாடல் ரயில் சாமான் மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடை, நம்ம நாட்டுக்குள்ளயே இருக்கு. வெளியில இருந்து வரவழைச்சா கஸ்டம்ஸ், கூரியர், கெட்டுப்போனா திருப்பி அனுப்புற செலவுன்னு இழுக்கும். அதுக்குப் பயந்துதான் இங்க போனேன். 8 பிளாக் (தண்டவாளத்தைத் தனித்தனியாப் பிரிச்ச பகுதி) டிடெக்டர் போர்டு 3, தலா 5,200. 8 பாயிண்ட் (தண்டவாளம் கிளை பிரியற இடம்) டிரைவர் போர்டு 2, தலா 4,900. கம்ப்யூட்டரோட பேச ஒரு இன்டர்ஃபேஸ், 6,500. கூரியர் 600. ஆக மொத்தம் 32,500 ரூபாய்.

விளம்பரத்துல போட்டிருந்தது இது: டிடெக்டர் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வகை, 1 மில்லிஆம்ப் வரைக்கும் பிடிக்கும். டிரைவர் போர்டு, பாயிண்ட்டை ஒரே தட்டுல திருப்பற காயில் மோட்டார், மெதுவாத் திருப்பற ஸ்டால் மோட்டார் ரெண்டையும் ஓட்டும்.

அந்த 1 மில்லிஆம்ப்தான் இதுல எல்லாமே. எஞ்சின் நின்னாலும் உள்ள கட்டளையைப் படிக்கற டிகோடர் கொஞ்சம் கரண்ட் இழுக்கும், அதைப் பெரும்பாலான போர்டு கண்டுபிடிச்சுடும். பிளாஸ்டிக் வேகன் எதையும் இழுக்காது. அதனாலதான் இன்சுலேட் பண்ண சக்கரத்துக்குக் குறுக்கே ஆக்ஸில்ல ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை ஒட்டி கண்டக்டிவ் பெயிண்ட் தடவறோம். தண்டவாளத்துல 14 வோல்ட் இருந்தா அது வழியா ஓடுறது 1.4 மில்லிஆம்ப். ரயில்ல இருந்து கடைசி வேகன் கழண்டு மெயின் லைன்ல நின்னா, அது அங்க இருக்குன்னு சொல்ல அந்த 1.4 மில்லிஆம்ப் மட்டும்தான் சாட்சி. போர்டு அதைப் பார்க்கலன்னா அடுத்த வண்டி நேரா போய் மோதும்.

நல்ல டிரான்ஸ்ஃபார்மர் வகையில பிளாக்குக்குப் போற கம்பி சின்ன காயிலோட ஓட்டை வழியா சும்மா நுழைஞ்சு வெளிய வரும். டிசிசி சிக்னல் 5-லிருந்து 8 கிலோஹெர்ட்ஸ் வாக்குல மாறி மாறி அடிக்கிறதால காயில் அதை உணர்ந்துடும். தண்டவாளத்துல வோல்டேஜ் குறையாது. சென்சிடிவிட்டி பத்தலன்னா அதே கம்பியை ரெண்டு மூணு தடவை சுத்தி விட்டா போதும். கரண்ட்டை டயோடு வழியா விட்டுக் கண்டுபிடிக்கற டயோடு வகையும் தப்பில்ல, ஆனா பிரிட்ஜா போட்டா 1.4 வோல்ட் தின்னும், எல்லா பிளாக்குக்கும் ஒரே அளவு குறையலன்னா எல்லையைத் தாண்டும்போது எஞ்சின் வேகம் மாறும்.

இதெல்லாம் தெரிஞ்சேதான் ஏமாந்தேன். வயித்தெரிச்சலே அதுதான்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி வீடியோ கால்ல கடைக்காரர்கிட்ட கேட்டேன்: எஞ்சின் வேண்டாம், ஒரே ஒரு பெட்டியை வெச்சுக் காட்டுங்கன்னு. காட்டினார். பெட்டியை வெச்சதும் சிவப்பு எல்இடி எரிஞ்சுது, தூக்கினதும் அணைஞ்சுது. மூணு தடவை. "பாத்தீங்களா சார், எஞ்சினே இல்ல." கார்டுல கட்டினா 3 சதவீதம் கூட வரும், யூபிஐ-ல போட்டுடுங்கன்னு ஒரு தனி நம்பர் கொடுத்தார். அஞ்சு நிமிஷத்துல 32,500 போட்டுட்டேன்.

நேத்து ராத்திரி அந்த ரெக்கார்டிங்கை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பெட்டி ஜன்னல்ல மஞ்சள் வெளிச்சம். உள்ள பல்பு எரியுற பெட்டி! பழைய கால பல்பு நாலு இருந்தா 150 மில்லிஆம்ப் சும்மா இழுக்கும். என் வேகன் இழுக்கறதுக்கு நூறு மடங்கு.

பார்சல் வந்துச்சு. எஞ்சினை வெச்சா எரியுது. ரெசிஸ்டர் போட்ட வேகனை வெச்சா ஒண்ணும் இல்ல. நாலு வேகன் சேர்த்து வெச்சும் ஒண்ணும் இல்ல. 24 பிளாக்லயும் இதே கதை. போர்டு மேல இருந்த கருப்பு ஹீட் ஷ்ரிங்க் உறையை பிளேடால கீறிப் பார்த்தா, காயிலும் இல்ல ஒண்ணும் இல்ல. உள்ள ஏசிஎஸ்712, காந்தப்புலத்தை வெச்சு கரண்ட்டை அளக்கற 5 ஆம்ப் ஹால் சென்சார். ரோபோ சாமான் கடையில சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது 1 ஆம்ப்புக்கு 185 மில்லிவோல்ட் தரும். கணக்குப் போடுங்க: 1.4 மில்லிஆம்ப்புக்கு 0.26 மில்லிவோல்ட். அந்தச் சில்லோட சொந்த இரைச்சலே 21 மில்லிவோல்ட். 6,500 ரூபாய் "இன்டர்ஃபேஸ்" பெட்டிக்குள்ள இருந்தது ஒரு ஆர்டுயினோ நானோ. 5 வோல்ட்டை 1,024 படியாப் பிரிக்கும், ஒரு படியே 4.9 மில்லிவோல்ட். கொசு உட்கார்ந்ததை லாரி எடைமேடையில நிறுத்துப் பார்க்கற மாதிரி. இதை எந்த செட்டிங்காலயும் சரி பண்ண முடியாது.

போன் பண்ணினேன். முதல் நாள்: "உங்க வயரிங் தப்பு சார்." ரெண்டாவது: "சென்சிடிவிட்டி பாட்டைத் திருப்புங்க." பாட்னா திருகற குமிழ், போர்டுல அதுவே இல்ல. மூணாவது: "மழைக்காலம் சார், ஈரம்." ஈரம் இருந்தா பசை போட்ட ஜல்லி வழியா கரண்ட் கசிஞ்சு, காலியான பிளாக் ஆள் இருக்கற மாதிரி காட்டும். என் பிரச்சனை நேர் எதிர். நாலாவதுதான் உச்சம்: "10 கிலோ ஓம் எல்லாம் பழைய முறை, 1 கிலோ ஓம் போடுங்க." 1 கிலோ ஓம் போட்டா ஒரு ஆக்ஸில்ல 14 மில்லிஆம்ப், 0.2 வாட் சூடு. ஒட்டியிருக்கற 0805 ரெசிஸ்டர் தாங்கறது 0.125 வாட். பிளாஸ்டிக் இளகும். 20 வேகன், ஆளுக்கு ரெண்டு ஆக்ஸில்னா தண்டவாளத்துக்குப் பவர் தர்ற பூஸ்டர்ல 560 மில்லிஆம்ப் சும்மா போகும். அப்பவும் ஒரு ஆக்ஸிலுக்கு 2.6 மில்லிவோல்ட்தான், நானோவோட ஒரு படிகூட ஏறாது!

ஹீட் ஷ்ரிங்க் பிரிச்ச போட்டோ அனுப்பினேன். உடனே பதில்: "பிரிச்சுட்டீங்களா? அப்ப வாரண்டி போச்சு." அதுக்கப்புறம் ரெண்டு நீல டிக் மட்டும்தான்.

பாயிண்ட் டிரைவர் கதை இதைவிட மோசம். உள்ள யூஎல்என்2803 சில்லு, ஒரு சேனலுக்கு 500 மில்லிஆம்ப்தான் தாங்கும். கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் கிடையாது. என் பாயிண்ட் மோட்டார் பெக்கோ பிஎல்-10, அதோட காயில் 4 ஓம் சொச்சம், 15 வோல்ட் அடாப்டர்ல 3 ஆம்ப்புக்கு மேல இழுக்கும். காயிலுக்கு அது ஒரு நொடிக்கும் குறைவா ஒரு தட்டு தட்டினா போதும். 2,200 அல்லது 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடறதே அதுக்குத்தான்: தட்டும், காலியாகும், கரண்ட் நின்னுடும். இங்க மூணாவது தட்டுலயே சில்லு ஷார்ட் ஆகி காயில் ஆன்லயே நின்னுடுச்சு. 50 வாட் சூடு, ரெண்டு விரல் அகலப் பொருள்ல. பிளாஸ்டிக் கருகின வாடை வந்தப்புறம்தான் பிளக்கைப் பிடுங்கினேன். காயிலுக்குள்ள அசையற ஆர்மேச்சர் ஒட்டிக்கிட்டு நிக்குது, பாயிண்ட்டோட அசையற தண்டவாளம் பாதி வழியில கிடக்குது.

ஸ்டால் மோட்டார்? அதுக்கு 12 வோல்ட்டுக்குள்ள பிளஸ் மைனஸ் மாறணும். கரண்ட் திசையைத் திருப்பற எச்-பிரிட்ஜ் மாதிரி ஒரு சர்க்யூட் இல்லாம நடக்காது. இந்தச் சில்லு கீழே இழுக்க மட்டும்தான் செய்யும். ரெண்டு கம்பியையும் அதுல மாட்டினா மோட்டார் அசையவே இல்ல. இதுக்கு அவர் பதில்: "உங்க கமாண்ட் ஸ்டேஷன் வேற கம்பெனி சார்." கமாண்ட் ஸ்டேஷன்னா கட்டளை அனுப்பற பெட்டி, டிசிசி ஒரு பொதுத் தரம். கம்பெனி மாறினா பாயிண்ட் நம்பர் நாலு தள்ளிப்போகும், அது உண்டு. மோட்டாரோட பிளஸ் மைனஸை அது என்னய்யா பண்ணும்?

32,500. அதுல ஒரு பைசா திரும்பல. பில் கேட்டதுக்கு வந்தது ஒரு வாட்ஸப் மெசேஜ், ஜிஎஸ்டி நம்பர் கூட இல்ல.

வழிகாட்டி எழுதறேன்னேன், கை ஓடல. அவசரத்துக்கு இது மட்டும்:

வீடியோவுல வண்டியே வேண்டாம். பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு பட்டை போட்ட 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை கேமராகிட்ட காட்டிட்டு, தண்டவாளத்துக்குக் குறுக்கே வெக்கச் சொல்லுங்க. எல்இடி எரியலன்னா போனை வெச்சுடுங்க.

போர்டோட ரெண்டு பக்கமும் போட்டோ கேளுங்க. சில்லு நம்பர் சுரண்டியிருந்தாலோ ஷ்ரிங்க் மூடியிருந்தாலோ வேண்டாம்.

காயில் மோட்டாரை புது போர்டுல மாட்டும்போது முதல் தட்டுகளுக்கு 1 ஆம்ப் ஃபியூஸ் போடுங்க, கெப்பாசிட்டருக்கு முன்னாடி.

தனி நம்பருக்கு யூபிஐ போடாதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915-ல இன்னைக்குக் காலையில புகார் பதிஞ்சிருக்கேன், ரெக்கார்டிங்கையும் எடுத்து வெச்சிருக்கேன்.

மீதி அப்புறம். கருகின காயிலை பேஸ்போர்டுக்கு அடியில இருந்து கழட்டணும், ஸ்க்ரூ பிளாஸ்டிக்கோட சேர்ந்து உருகியிருக்கு.