சென்னை – பலாலி: ஆகாயத்தில் ஒன்றேகால் மணி, வீட்டுக்கு வீடு ஏழு மணி இருபது நிமிடம்

அம்மாவுக்குச் சொந்த ஊர் யாழ்ப்பாணத்துப் பக்கம் உரும்பிராய். 2018இல் அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொட்டோம். சென்னையிலிருந்து தெற்கே சுமார் 645 கிலோமீட்டர் பறந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா. இறங்கியதும் வடக்கே திரும்பி, கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் இரவு பஸ். போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. இத்தனைக்கும் சென்னைக்கும் யாழ்ப்பாணத்து விமான நிலையம் இருக்கும் பலாலிக்கும் நேர்க்கோட்டில் 355 கிலோமீட்டர்தான் இருக்கும். மதுரையைவிடக் கிட்ட!

பலாலி 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி சென்னை விமானம் வரத் தொடங்கியது. எங்களுக்கு இந்த வருடம்தான் வாய்த்தது.

ஏடிஆர் 72, காற்றாடி வைத்த சின்ன விமானம். ஜெட் வேகம் கிடையாது, இரைச்சலும் கொஞ்சம் உண்டு. ஆனால் பின்பக்கக் கதவில் நாலைந்து படிதான். அம்மா யாருடைய கையையும் பிடிக்காமல் ஏறினார். எனக்கு அதற்கே முழு மதிப்பெண் போடலாம் என்று தோன்றியது. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதற்குத் தடையில்லை. போகும்போது வலது பக்கம் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் கரை தெரியும். திரும்பும்போது இடது பக்கம். கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, இரண்டு ஊரிலும் ஒரே நேரம்.

இனி என் குறை. வளசரவாக்கத்தில் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பத்தேகால் விமானம் பதினொன்று இருபத்தைந்துக்குத்தான் எழும்பியது. ஏன் தாமதம் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு முன்பே கவுண்டரில் கைப்பையையும் சேர்த்து நிறுத்து, மூன்று கிலோ கூடுதல் என்று பணம் வாங்கிவிட்டார்கள். சின்ன விமானத்தில் எடை பார்க்கத்தான் வேண்டும், சரி. அதை டிக்கெட்டில் கண்ணில் படுகிற மாதிரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

12.40க்கு இறங்கினோம். பெயர்ப்பலகையில் தமிழ் மேலே இருப்பதை அம்மா நின்று வாசித்தார். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். கூட்டம் குறைவு என்றாலும் குடிவரவு, பெட்டி எல்லாம் முடிய ஐம்பது நிமிடம். பலாலி வீதியில் இருபது நிமிடத்தில் உரும்பிராய். ஒன்று ஐம்பதுக்குப் படலையைத் திறந்தால் பெரியம்மா வாசலிலேயே நிற்கிறார்: "பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்திடுவம் எண்டுதானே சொன்னனீங்கள்? சோறு ஆறிப்போச்சு."

ஆக, ஏழு மணி இருபது நிமிடம். அதில் பறந்தது 75 நிமிடம். முழங்கால் வீங்கவில்லை, மறுபடியும் இதில்தான் போவோம். இரண்டு விஷயம்: இலங்கைக்குள் போக ஆன்லைனில் வாங்கும் அனுமதியான ஈடிஏவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், திரும்பி வரும் பெட்டியில் இடம் விடுங்கள். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் வாங்கிவந்தோம். பனங்கிழங்கைப் பெரியம்மா வீட்டுத் திண்ணையிலேயே விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. அம்மா இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.