ஃபிளமெங்கோவுக்கு செவீயாவா, ஹெரேஸா?

ஸ்பெயின் பயணத்தில் ஒரு ராத்திரிதான் மிச்சம், அந்நாட்டின் தெற்கத்திப் பாட்டும் நடனமுமான ஃபிளமெங்கோவுக்கு அங்குள்ள இந்த இரண்டில் எந்த ஊர் என்று கேட்பவர்களுக்கு:

வசதி: செவீயாவில் தினமும் காட்சி உண்டு. ஹெரேஸில் ‘பெஞ்யா’ எனும் ரசிகர் மன்றங்களில் என்றைக்குப் பாட்டு என்று விசாரித்துப் போக வேண்டும்.

செலவு: செவீயாதான் அதிகம்.

வேர்: செவீயாவின் திரியானா பேட்டையில் ஃபிளமெங்கோவை வளர்த்த ரோமா (ஜிப்ஸி) குடும்பங்கள் 1950களுக்குப் பிறகு பெரும்பாலும் வெளியேற்றப்பட்டன, பேர்தான் மிச்சம். ஹெரேஸின் சாந்தியாகோ, சான் மிகேல் பகுதிகளில் புலேரியா எனும் வேகமான ஃபிளமெங்கோ வகை இன்னும் வீட்டு விசேஷப் பாட்டு. 12 எண்ணிக்கைத் தாளம், கைதட்டலே மேளம். ஒருவர் சட்டென்று நடுவில் இறங்கி, நாலு அடி வைத்துவிட்டு ஒதுங்குவார். இவ்வூரின் அந்தக் காலப் பாடகர் மனுவேல் தோரே பாடினால் கேட்டவர்கள் சட்டையைக் கிழித்துக்கொள்வார்களாம். கொஞ்சம் மிகைதான்!

முதல்முறை, குழந்தைகளோடு என்றால் செவீயா. பாட்டுக்காகவே போனால் ஹெரேஸ். ரயிலில் ஒரு மணி நேரம்தான்.