இமேஜ்-ஜேயின் ஃபிராக்டல் பாக்ஸ் கவுண்ட்: எதைக் கொடுத்தாலும் ஒரு எண் தரும்

பாறை விரிசல் வரைபடம் ஒன்றுக்கு ஃபிராக்டல் பரிமாணம் (ஒரு வடிவம் தளத்தை எவ்வளவு நிரப்புகிறது என்று சொல்லும் எண்) கணக்கிட வேண்டியிருந்தது. காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லை, நிரல் எழுதச் சோம்பல். அதனால் இமேஜ்-ஜேயைத் திறந்தேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவான இலவச மென்பொருள் இது, உயிரியல்காரர்கள்தான் அதிகம் பயன்படுத்துவார்கள். ஆனால் உள்ளே போவது நரம்புச் செல்லா கருங்கல்லா என்று அதற்குக் கவலையில்லை, கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தால் போதும்.

அதிலுள்ள ஃபிராக்டல் பாக்ஸ் கவுண்ட் கட்டளையின் வேலை எளிது. படத்தின் மேல் கட்டம் போட்டு, விரிசல் எத்தனை கட்டங்களில் தட்டுப்படுகிறது என்று எண்ணும். கட்டத்தின் அளவை 2, 3, 4, 6, 8, 12, 16, 32, 64 பிக்சல் என்று மாற்றி மாற்றி எண்ணி, இரண்டுக்கும் மடக்கை எடுத்துக் கோடு போடும். அந்தக் கோட்டின் சரிவுதான் (கழித்தல் குறியை விட்டுவிட்டால்) D, அதாவது ஃபிராக்டல் பரிமாணம். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், அதுதான் இதன் அழகும் ஆபத்தும்.

முதல் தடவை எனக்கு D கிட்டத்தட்ட 2 வந்தது. விரிசல் அவ்வளவு அடர்த்தியா என்று கொஞ்ச நேரம் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பார்த்தால் கறுப்பும் வெள்ளையும் தலைகீழ். அது விரிசலை விட்டுவிட்டு வெற்றுப் பாறையை எண்ணியிருக்கிறது. தப்பு என்னுடையதுதான், பின்னணி கறுப்பா என்று கேட்கும் பெட்டியை நான் கவனிக்கவில்லை. அதைச் சரிசெய்து ஓட்டினால், வரைபடத்தின் வடக்கு அம்புக்குறியும் அளவுகோலும் சுற்றியிருந்த சட்டகமும் விரிசலோடு சேர்ந்து எண்ணப்பட்டிருந்தன. வெட்டி எறிந்தேன். அடுத்தது கோட்டின் தடிமன். 4 பிக்சல் தடிமனில் வரைந்த கோடு, 2 பிக்சல் கட்டத்துக்குக் கோடாகத் தெரியாது, நிரம்பிய பரப்பாகத்தான் தெரியும், D வீணாக ஏறும். 'ஸ்கெலட்டனைஸ்' கட்டளை கோட்டை ஒரு பிக்சலுக்கு இளைக்க வைத்துவிடும், அதை மறக்காதீர்கள்.

சொந்தப் படத்தைக் கொடுக்கும் முன் விடை தெரிந்த படத்தைக் கொடுத்துப் பார்ப்பது நல்லது. நேர்கோட்டுக்கு 1, நிரப்பிய சதுரத்துக்கு 2, கோக் வளைவுக்கு 1.26 வர வேண்டும். கோடும் சதுரமும் பெரும்பாலும் இம்மி குறைவாகத்தான் வரும், ஏனென்றால் பெரிய கட்டங்களில் ஓரத்துப் பாதிக் கட்டமும் முழுதாக எண்ணப்படுகிறது. அதெல்லாம் மன்னிக்கலாம்.

எனக்கு மனக்குறை ஒன்றுதான். 2 முதல் 64 வரை என்றால் 32 மடங்கு, அதாவது ஒன்றரை தசமம் (பத்து மடங்கு என்பது ஒரு தசமம்). மடக்கைத் தாளில் அவ்வளவு குறுகிய வீச்சில் ஏறக்குறைய எதுவும் நேர்கோடாகத்தான் தெரியும். 1967-இல் பிரிட்டனின் மேற்குக் கரைக்குக் கணிதவியலாளர் மாண்டல்பிரோட் 1.25 என்று எழுதியபோது, அளவுகோல் மாற மாறக் கரையின் நீளம் எப்படி மாறுகிறது என்பதுதான் பேச்சாக இருந்தது. இங்கே அந்தக் கேள்வியே இல்லை, கோடு வளைந்திருந்தாலும் கருவி நடுவில் ஒரு நேர்கோட்டை இழுத்து எண்ணைக் கையில் கொடுத்துவிடும். நல்ல வேளை, கட்ட அளவுகளை நாமே தட்டச்சு செய்யலாம். (கட்டத்தை நகர்த்தி நகர்த்தி எண்ண வேண்டும், லாக்கூனாரிட்டியும் (இடைவெளிகள் எவ்வளவு சீரற்றுக் கிடக்கின்றன என்ற அளவு) வேண்டும் என்பவர்கள் ஃபிராக்லாக் என்ற செருகுநிரலைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் அமைப்புப் பக்கத்தைப் பார்த்தே எனக்குத் தலை சுற்றியது.)

என் படத்தில் ஒரு பிக்சல் 2 செ.மீ. 4 முதல் 512 பிக்சல் வரை, அதாவது 8 செ.மீ. முதல் சுமார் 10 மீட்டர் வரை எண்ண வைத்து, எண்களை எக்செல்லுக்குக் கொண்டுபோய் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான சரிவை மட்டும் பார்த்தேன். சின்னக் கட்டங்களில் 1-ஐ ஒட்டி இருந்தது, ஏனென்றால் அங்கே கட்டத்துக்கு ஒரு விரிசல்தான், வெறும் கோடு. பெரிய கட்டங்களில் 2-ஐ ஒட்டி இருந்தது, எல்லாக் கட்டத்திலும் ஏதோ ஒரு விரிசல் இருப்பதால். இரண்டுக்கும் நடுவே, 80 செ.மீ. பக்கத்தில், மெதுவான ஒரு வளைவு. வெளியில் நாடா வைத்து அளந்த விரிசல் இடைவெளியும் கிட்டத்தட்ட அதேதான். கருவி ஆசையாகக் கொடுத்த 1.6 இந்த இரண்டின் கலவை. 80 செ.மீ. என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு 1.6-ஐ அடித்துவிட்டேன்.