ஜீடால் நிறுவ பிப்பா, கோண்டாவா?

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் செயற்கைக்கோள் படங்களைப் பைத்தானில் அலச நினைப்பவர்கள் முதலில் திணறுவது, அந்தப் படங்களைப் படிக்க உதவும் ஜீடால் (GDAL) என்ற மென்பொருள் நூலகத்தை நிறுவுவதில்தான்.

பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப்பில் (pip) கேட்டால் மூல நிரல்தான் இறங்கும். அதைக் கம்பைல் செய்ய ஜீடாலின் சி பிளஸ் பிளஸ் நூலகம் கணினியில் முன்பே இருக்க வேண்டும். பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். உபுண்டுவில் அந்த நூலகத்துக்கான லிப்ஜீடால்-டெவ் (libgdal-dev) தொகுப்பைப் போட்டுவிட்டு, ஜீடால்-கான்ஃபிக் (gdal-config) கட்டளை காட்டும் பதிப்பு எண்ணையே பிப்பிடமும் கேட்டால் சரி, வேலை முடியும். விண்டோஸில் இது பெரும்பாடு.

கோண்டா (conda) பிப்பைப் போன்ற இன்னொரு நிறுவும் கருவி. அதற்கான தொகுப்புக் களஞ்சியமான கோண்டா-ஃபோர்ஜ் அந்த சி பிளஸ் பிளஸ் நூலகத்தையும் தயாராகவே தருகிறது. தனிச் சூழல் உருவாக்கி அதில் போட்டால் பழைய பிராஜெக்ட் எதுவும் கெடாது. இடம் கூடுதலாகப் பிடிக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால் டேட்டா கரையும். ஆனாலும் புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

ராஸ்டர் படத்தை, அதாவது செயற்கைக்கோள் படம் போலப் புள்ளிகளால் ஆன படத்தை, திறந்து பார்த்தாலே போதுமா? அப்போது அதற்கான பைத்தான் நூலகமான ராஸ்டீரியோவை (rasterio) பிப்பிலேயே போடுங்கள். அதன் வீலுக்குள் (முன்பே கம்பைல் செய்த தொகுப்புக்குள்) ஜீடால் சேர்ந்தே வருகிறது.